பெரிய நிரல் நூலகங்களில் ஆவணச் சீர்மை: ஓர் அறிமுகம்

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களின் திட்ட விலக்கத்தைப் பைத்தான் நிரல்மொழியின் நம்பை என்னும் எண் கணக்கு நூலகத்தை (பலரும் பயன்படுத்த எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை) கொண்டு கணக்கிட்டால் 2.0 என்ற விடை கிடைக்கும். அதே எண்களை, அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகத்தின் சீரீஸ் என்னும் ஒற்றை வரிசை ஒன்றில் இட்டு, அதே பெயர் கொண்ட ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டை) அழைத்தால் ஏறத்தாழ 2.138 கிடைக்கும். இரண்டு விடைகளுமே சரியானவை. சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் 32 வரும். அதை நம்பை 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது, பாண்டாஸ் 7-ஆல் வகுத்து எடுக்கிறது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது டிடிஓஎஃப் என்னும் பாராமீட்டர், அதாவது ஃபங்ஷனை அழைக்கும்போது அதற்குக் கொடுக்கும் உள்ளீடு. பயனர் எதுவும் கொடுக்காதபோது அதன் இயல்பு மதிப்பு நம்பையில் 0, பாண்டாஸில் 1.

ஆய்வறிக்கை ஒன்றில் பாண்டாஸையும் நம்பையையும் சேர்த்துப் பயன்படுத்தும் மாணவருக்கு இந்த ஓர் எண் வேறுபாடு அரை நாளைத் தின்றுவிடக்கூடும். அவரைக் காப்பாற்றுவது அந்த ஃபங்ஷனின் ஆவணத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி. பாண்டாஸின் ஆவணம், நம்பையைப் போன்ற விடை வேண்டுமானால் டிடிஓஎஃப் மதிப்பை 0 என்று கொடுக்கவேண்டும் என வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அந்த வரி இருந்தால் மட்டும் போதாது. அவர் தேடும் இடத்தில், அவர் ஏற்கெனவே படித்துப் பழகிய வடிவில், நிரல் இன்று உண்மையில் செய்வதைச் சொல்வதாக அது இருக்கவேண்டும். நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களும் அவற்றைவிட அதிகமான பங்களிப்பாளர்களும் உள்ள ஒரு நூலகத்தில் இது எல்லாப் பக்கங்களிலும் நிகழும்படி பார்த்துக்கொள்வதைத்தான் ஆவணச் சீர்மை என்கிறோம்.

பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கான விளக்கம் பெரும்பாலும் அந்த ஃபங்ஷனின் உள்ளேயே, அதன் முதல் வரியாக, மும்மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதப்படுகிறது. இதை டாக்ஸ்ட்ரிங் என்பார்கள். நிரலோடு சேர்ந்தே இருப்பதால் இதற்குப் பெரிய வசதி ஒன்று உண்டு: பயனர் தம் கணினியில் ஹெல்ப் கட்டளையை இட்டால் இதுவே திரையில் வரும், 2008-இல் கியோர்க் பிராண்டல் வெளியிட்ட ஸ்ஃபிங்க்ஸ் போன்ற கருவி நிரலிலிருந்து இதையே எடுத்து இணையப் பக்கமாக மாற்றிவிடும். ஒருமுறை எழுதினால் இரண்டு இடங்களில் பயன்படும். ஆனால் பக்கத்திலேயே இருப்பது வேறு, ஒத்திருப்பது வேறு. நிரலை மாற்றியவர் மூன்று வரி மேலே இருக்கும் விளக்கத்தை மாற்றாமல் விட்டாலும் பைத்தான் எந்தக் குறையும் சொல்லாது. நிரல் முன்போலவே ஓடும். ஆவணப் பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நிரலில் நேரும் பிழை பெரும்பாலும் ஏதோ ஒரு நேரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆவணத்தில் நேரும் பிழை யாராவது ஏமாறும்வரை அமைதியாக இருக்கும்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். பைத்தான் சமூகம் இதற்கான பொது வழக்கங்களை 2001-ஆம் ஆண்டிலேயே பெப் 257 என்ற ஆவணத்தில் எழுதிவைத்தது. டேவிட் குட்ஜரும் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் அதன் ஆசிரியர்கள். அதில் உள்ள விதிகள் எளியவை. முதல் வரி ஒரே வரியில் முடியும் சுருக்கமாக இருக்கவேண்டும்; அது முற்றுப்புள்ளியோடு முடியவேண்டும்; ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று வருணிக்காமல், அதற்கு ஆணையிடுவதுபோல் எழுதவேண்டும். அதாவது "சராசரியைக் கணக்கிடுகிறது" என்பதற்குப் பதில் "சராசரியைக் கணக்கிடு" என்னும் பாங்கு. முதன்முறை படிப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நூலகத்தின் ஃபங்ஷன் பட்டியலைத் திறந்து, வரிசையாக அறுபது சுருக்க வரிகளைக் கண்ணோட்டிப் படிக்கும்போது, எல்லா வரிகளும் ஒரே இலக்கண அமைப்பில் இருந்தால் கண் வினைச்சொல்லில் மட்டும் நின்று நின்று செல்லும். பாதி ஒருவிதமாகவும் பாதி வேறுவிதமாகவும் இருந்தால் ஒவ்வொரு வரியையும் முழுதாகப் படித்தாகவேண்டும்.

பெப் 257 மேலோட்டமான விதிகளோடு நிறுத்திக்கொண்டது. பாராமீட்டர்களை எப்படி எழுதுவது, விளைவை எங்கே சொல்வது என்பவற்றை அது வரையறுக்கவில்லை. அறிவியல் கணிப்பு நூலகங்களில் அந்த இடைவெளியை நிரப்பியது நம்பைடாக் என்னும் நெறிமுறை. அதன் வளர்ச்சிக்குப் பின்னால் ஒரு வகுப்பறை இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கோள் அறிவியல் கற்பிக்கும் ஜோ ஹாரிங்டன், 2007-இன் இறுதிப் பகுதியில் தம் மாணவர்களுக்கு நம்பையைக் கொண்டு தரவுப் பகுப்பாய்வு நடத்தியபோது, பல ஃபங்ஷன்களுக்குப் போதிய விளக்கமே இல்லை என்பதைக் கண்டார். 2008 கோடையில் அவர் ஓர் ஆவண மாரத்தானைத் தொடங்கி, அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஸ்டெஃபன் வான் டெர் வால்ட்டிடம் ஒப்படைத்தார். நிரல் எழுதத் தெரியாதவர்களும் டாக்ஸ்ட்ரிங்கைத் திருத்துவதற்கென ஒரு விக்கி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் எழுதப்படுகிறதா, மறுஆய்வுக்குக் காத்திருக்கிறதா, ஒப்புக்கொள்ளப்பட்டதா என்ற நிலை அதில் தெரியும். முடிந்தவை நிரலுக்குள் கொண்டுவரப்பட்டன. அத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது பொது வடிவம் ஒன்று இல்லாவிட்டால் வேலை நடக்காது. ஒரு நூலகத்தின் தொடக்கத்தில் ஒருவரே எழுதும்போது பாணிக் கையேடு தேவையில்லாததாகத் தெரிவதும், நாற்பது பேர் சேர்ந்ததும் அது இன்றியமையாததாகிவிடுவதும் இதனால்தான்.

நம்பைடாக் நெறிமுறைப்படி ஒரு டாக்ஸ்ட்ரிங்கின் பகுதிகளுக்கு நிலையான வரிசை உண்டு. சுருக்கம், அதன்பின் தேவைப்பட்டால் விரிவு, பிறகு பாராமீட்டர்கள், திருப்பித் தரும் மதிப்பு, எழக்கூடிய பிழைகள், தொடர்புடைய பிற ஃபங்ஷன்கள், குறிப்புகள், மேற்கோள்கள், இறுதியாக எடுத்துக்காட்டுகள். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக இடும் திரையில்) படிப்பவர்களுக்காக ஒரு வரி 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பதும் அதில் உண்டு. இந்த வரிசைதான் மிகச் சிறந்தது என்று யாரும் நிறுவவில்லை. எடுத்துக்காட்டுகள் முதலில் வரவேண்டும் என்று வாதிடுபவர்கள் பலர், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒருமுறை முடிவெடுத்தபின் வரிசையின் தரத்தைவிட வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம். நம்பை, சைபை, பாண்டாஸ், சைகிட்-லேர்ன் ஆகிய நான்கு நூலகங்களும் இதே அடிப்படையைப் பின்பற்றுவதால், ஒன்றைப் படிக்கக் கற்றவருக்கு மற்ற மூன்றும் தாமாகவே வசப்படுகின்றன.

ஒரு பாராமீட்டருக்கான ஒற்றை வரியை அருகில் வைத்துப் பார்த்தால் சீர்மை எவ்வளவு நுண்ணிய இடங்களில் உடையக்கூடும் என்பது தெரியும். அந்த வரியில் முதலில் பாராமீட்டரின் பெயர், ஓர் இடைவெளி, முக்காற்புள்ளி, மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு அதன் வகை, பிறகு இயல்பு மதிப்பு. அந்த முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள இடைவெளியை விட்டுவிட்டால், முக்காற்புள்ளியும் வகையும் பெயரின் பகுதியாகக் கொள்ளப்பட்டு, இணையப் பக்கத்தில் பெயரும் வகையும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது வகை. நம்பை ஆவணங்களில் அரே_லைக் என்றிருந்தால், உண்மையான அரே (நம்பையின் எண் அடுக்கு) மட்டுமன்றி, அரேயாக மாற்றத்தக்க லிஸ்ட், டியூபிள், தனி எண் ஆகிய எதையும் கொடுக்கலாம் என்று பொருள். என்டிஅரே என்றிருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஒரு பங்களிப்பாளர் இரண்டையும் ஒன்றாக நினைத்து மாற்றி எழுதிவிட்டால் இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் படிப்பவருக்குத் தவறான வாக்குறுதி போய்ச்சேர்கிறது. இயல்பு மதிப்பை எழுதுவதிலும் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு வழக்கம்: சைகிட்-லேர்ன் சமக்குறியிட்டு எழுதும்படி கேட்கிறது, பாண்டாஸ் சமக்குறி இல்லாமல் எழுதும்படி கேட்கிறது. நம்பைடாக் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. எந்த வழக்கமும் சரிதான். ஒரே நூலகத்துக்குள் இரண்டு வழக்கம் இருப்பதுதான் தொல்லை, ஏனென்றால் அந்த வேறுபாட்டுக்குள் ஏதோ பொருள் இருப்பதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சொல்லாட்சியில் வரும் முரண்பாடு வடிவ முரண்பாட்டைவிடக் கடினமானது. ஆக்சிஸ் என்னும் பாராமீட்டரை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிரைகளும் (கிடைவரிசைகள்) மூன்று நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அட்டவணையில் கூட்டல் ஃபங்ஷனை ஆக்சிஸ் 0 என்று அழைத்தால், நிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, நெடுவரிசைக்கு ஒன்றாக மூன்று எண்கள் வரும். ஆக்சிஸ் 1 என்றால் நிரைக்கு ஒன்றாக இரண்டு எண்கள் வரும். பாண்டாஸில் ஒரு நெடுவரிசையையோ நிரையையோ நீக்கும் டிராப் ஃபங்ஷனுக்கும் இதே பாராமீட்டர் உண்டு. அங்கே ஆக்சிஸ் 1 என்றால் நெடுவரிசையை நீக்கு என்று பொருள். அப்ளை என்னும் ஃபங்ஷனிலோ, ஆக்சிஸ் 0 என்பதற்கு இன்டெக்ஸ் என்ற மாற்றுப்பெயரும் உண்டு. அதைக் கொடுத்தால் பயனரின் ஃபங்ஷன் ஒவ்வொரு நெடுவரிசையின் மீதும் இயங்கும் என்று ஆவணம் சொல்கிறது. இன்டெக்ஸ் என்பது நிரைகளின் பெயர், ஆனால் வேலை நடப்பதோ நெடுவரிசைகளின் மீது. நிரலில் எந்த முரணும் இல்லை: எல்லா இடங்களிலும் ஆக்சிஸ் என்பது எந்தத் திசையில் செயல் நடக்கிறது என்பதையே குறிக்கிறது. ஆனால் ஓர் ஆவணம் "இந்த ஆக்சிஸ் வழியாக" என்றும், இன்னொன்று "இந்த ஆக்சிஸ் ஒவ்வொன்றுக்கும்" என்றும், மூன்றாவது "இந்த ஆக்சிஸை ஒடுக்கி" என்றும் எழுதினால், கற்கத் தொடங்குபவர் மூன்று வெவ்வேறு கருத்துகள் இருப்பதாக எண்ணிக் குழம்புவார். பெரிய நூலகங்கள் தங்களுக்கென்று ஒரு சொல்லடைவை வைத்திருப்பதும், ஒரு கருத்துக்கு ஒரே சொல்தான் என்று மறுஆய்வில் கண்டிப்பு காட்டுவதும் இதற்காகவே. பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று கற்பித்திருப்பார்கள். தொழில்நுட்ப ஆவணத்தில் அந்த அறிவுரையை மறந்துவிடுவது நல்லது.

அடுத்து, ஆவணம் நிரலோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்வி. வடிவம் பிசகினால் படிப்பது சிரமம், அவ்வளவுதான். இங்கே பிசகினால் ஆவணம் பொய் சொல்கிறது. வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு ஃபங்ஷனுக்கு ஒருவர் புதிய பாராமீட்டரைச் சேர்ப்பார், ஆவணத்தில் சேர்க்க மறப்பார், அல்லது ஒரு பாராமீட்டரின் பெயரை மாற்றுவார், பழைய பெயர் ஆவணத்தில் நிலைத்துவிடும், அல்லது இயல்பு மதிப்பு மாறியிருக்கும், ஆவணம் பழைய மதிப்பையே சொல்லிக்கொண்டிருக்கும். மறுஆய்வு செய்பவர் நிரலில் கவனமாக இருப்பதால் இவற்றைத் தவறவிடுவது இயல்பு. மனிதரின் கவனத்தை நம்பி இதைத் தடுக்கமுடியாது என்பதைப் பல நூலகங்கள் அனுபவத்தில் உணர்ந்திருக்கின்றன.

நல்லவேளையாக, இந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதியை இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியும். பைத்தானில் ஒரு ஃபங்ஷன் என்னென்ன பாராமீட்டர்களை ஏற்கிறது என்பதை அந்த ஃபங்ஷனிடமே கேட்டு அறியலாம். அந்தப் பட்டியலையும் டாக்ஸ்ட்ரிங்கில் எழுதப்பட்டுள்ள பட்டியலையும் ஒரு சிறு நிரல் ஒப்பிட்டால் போதும். பாண்டாஸ் பராமரிப்பாளர்கள் இத்தகைய சோதனை ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார்கள். அதன் சோதனைகள் பின்னர் நம்பைடாக் கருவியின் பகுதியாகவே ஆகிவிட்டன. அது கண்டறியும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு குறியீடு உண்டு. பிஆர்01 என்றால் ஃபங்ஷனில் உள்ள பாராமீட்டர் ஆவணத்தில் இல்லை. பிஆர்02 என்றால் ஆவணத்தில் உள்ள பாராமீட்டர் ஃபங்ஷனில் இல்லை. பிஆர்03 என்றால் இரண்டிலும் வரிசை வேறு. எஸ்எஸ்03 சுருக்க வரியின் முற்றுப்புள்ளியைத் தேடுகிறது, ஆர்டி03 திருப்பித் தரும் மதிப்புக்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறது, ஜிஎல்08 டாக்ஸ்ட்ரிங்கே இல்லாத ஃபங்ஷனைச் சுட்டிக்காட்டுகிறது. இவற்றில் முதல் இரண்டு மட்டுமே ஒரு நூலகத்தின் ஆவண நோய்களில் பாதியைத் தீர்த்துவிடும் என்பது என் கருத்து. முற்றுப்புள்ளியைத் தேடும் சோதனையைக் கேலி செய்பவர்கள்கூட இந்த இரண்டையும் எதிர்க்கமாட்டார்கள்.

எடுத்துக்காட்டுகளைச் சரிபார்ப்பது இன்னும் சுவையான கதை. டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் என்னும் தொகுதி 2001-இல் வெளிவந்த பைத்தான் 2.1-லேயே மொழியோடு சேர்ந்து வந்தது. டாக்ஸ்ட்ரிங்கிற்குள் மூன்று கோணக் குறிகளோடு தொடங்கும் வரிகளை அது தேடி எடுத்து, உண்மையாகவே இயக்கிப் பார்த்து, கிடைத்த விடையை ஆவணத்தில் கீழே எழுதப்பட்டுள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வேறுபட்டால் சோதனை தோல்வி. ரஸ்ட் மொழியில் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை வழக்கமான சோதனைக் கட்டளையே இயக்கிவிடுகிறது. கோ மொழியில் எடுத்துக்காட்டு ஃபங்ஷன்களின் விடையைச் சோதனையே ஒப்பிட்டுப் பார்க்கிறது.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதில் ஓர் இடர் உண்டு. தசம எண்களின் கடைசி இலக்கம் கணினிக்குக் கணினி மாறலாம். செட் ஒன்றின் உறுப்புகள் எந்த வரிசையில் அச்சாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சமவாய்ப்பு எண்கள் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். 2024 ஜூனில் வெளிவந்த நம்பை 2.0 இதற்கு நல்ல சான்று. அதற்குமுன், சராசரி போன்ற ஒற்றை எண் விடையைத் திரையில் கேட்டால் 2.5 என்று வந்தது. புதிய பதிப்பில் அதே விடை என்பி.ஃப்ளோட்64(2.5) என்று தன் வகையையும் சேர்த்துக் காட்டுகிறது. கணக்கு மாறவில்லை, காட்டும் விதம் மட்டும் மாறியது. ஆனால் நம்பையைச் சார்ந்திருக்கும் நூலகங்களின் ஆவணங்களில் பழைய வடிவில் எழுதப்பட்டிருந்த எடுத்துக்காட்டுகள் எழுத்து ஒப்பீட்டில் தோல்வியுற்றன. சைபை சமூகம் உருவாக்கிய டாக்டெஸ்ட் கருவி, எண்களை எழுத்தாக ஒப்பிடாமல் எண்ணாகவே, சிறு வேறுபாட்டை அனுமதித்து ஒப்பிடுவது இத்தகைய இடர்களைத் தவிர்ப்பதற்காகத்தான். எடுத்துக்காட்டு தோல்வியடைகிறது என்று அதற்கு விலக்குக் குறியிட்டுக் கடந்துபோவது எளிய வழி. அவ்வாறு விலக்கப்பட்டவை பெருகினால் சோதனை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். சமவாய்ப்பு எண்களுக்குத் தொடக்க எண்ணை நிலையாகக் கொடுப்பது, செட்டை வரிசைப்படுத்தி அச்சிடுவது என்று பெரும்பாலான வேளைகளில் நேரான தீர்வு ஒன்று இருக்கவே செய்கிறது.

ஒரே விளக்கம் பல இடங்களில் தேவைப்படுவது இன்னொரு சிக்கல். பாண்டாஸில் சீரீஸ், டேட்டாஃப்ரேம் (முழு அட்டவணை) ஆகிய இரண்டு வகைகளுக்கும் பொதுவான செயல்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் ஒரே பத்தியை நகலெடுத்து ஒட்டினால், ஒன்றைத் திருத்துபவர் மற்றொன்றை மறப்பார். ஓராண்டில் இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லத் தொடங்கும். அதைத் தவிர்க்க, விளக்கத்தை ஓரிடத்தில் வார்ப்புருவாக எழுதி, வகையின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெற்றிடம் விட்டு, நிரல் ஏற்றப்படும்போது அந்த இடத்தை நிரப்பும் டெக்கரேட்டர்கள் என்னும் துணை நிரல்களைப் பாண்டாஸ் நெடுங்காலம் பயன்படுத்தியது. மேட்பிளாட்லிப் நூலகத்திலும் இதையொத்த இடைநிரப்பு முறை உண்டு. பேரளவில் பார்க்கும்போது இது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆனால் இதன் விலையை எழுதுபவர் உடனே உணர்வார்: நிரல் கோப்பைத் திறந்தால் முழு வாக்கியம் எங்குமே இருக்காது, ஓட்டைகள் நிறைந்த வார்ப்புரு மட்டுமே இருக்கும், எடிட்டரில் சுட்டியை ஃபங்ஷனின் மீது வைத்தாலும் விளக்கம் தெரியாமல் போகலாம், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்த புதியவர் அந்த வாக்கியம் எந்தக் கோப்பில் பிறக்கிறது என்று தேடியே களைத்துப்போவார். பொதுவான விளக்கம் இரண்டு வகைகளுக்கும் பொருந்தவேண்டும் என்பதால் வாக்கியமும் நீர்த்துப்போகிறது.

நகலெடுத்தல் தீங்கு என்ற நிரலாக்க நெறியை உரைநடைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வரும் விளக்கத்தை நகலெடுத்து முழுமையாக எழுதிவிட்டு, அவை விலகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சோதனையிடம் விடலாம். இருபது இடங்களில் வரும் ஒற்றைப் பாராமீட்டரின் விளக்கத்துக்கு வேண்டுமானால் வார்ப்புரு தகும். சைகிட்-லேர்ன் நூலகத்தில், தொடர்புள்ள பல ஃபங்ஷன்களில் ஒரே பெயருள்ள பாராமீட்டரின் விளக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடும் துணைக்கருவி ஒன்று உண்டு. வேறுபாடு எங்கே என்று அது சொல்லும், எழுதும் வேலை மனிதரிடமே இருக்கும். இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இவ்வளவு விதிகளையும் புதிதாகத் தொடங்கும் நூலகத்தில் நுழைப்பது எளிது. பத்தாண்டு வளர்ந்த நூலகத்தில் சோதனையை முதல்முறை இயக்கினால் குறைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும்; அன்றைக்கே எல்லாவற்றையும் திருத்த யாராலும் முடியாது; திருத்தும்வரை சோதனையை இயக்காமல் இருந்தால் புதிய குறைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறப் பெரிய திட்டங்கள் ஓர் எளிய உத்தியைக் கையாள்கின்றன. இன்று தோல்வியுறும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் ஒரு விலக்குப் பட்டியலில் எழுதிவிட்டு, சோதனையை இன்றே கட்டாயமாக்கிவிடுகிறார்கள். பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும். புதிதாக எழுதப்படும் எந்த ஃபங்ஷனும் பட்டியலில் சேரக்கூடாது, ஒவ்வொரு திருத்தமும் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அழிக்கவேண்டும். பட்டியல் குறையலாம், வளரக்கூடாது. சைகிட்-லேர்ன் இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, பங்களிப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெயரை எடுத்துச் சரிசெய்து அழிக்கும்படி அழைத்து, படிப்படியாக அதைக் கரைத்தது. பாண்டாஸும் தன் சோதனைக் கோப்பில், எந்த ஃபங்ஷனுக்கு எந்தக் குறியீடு விலக்கு என்று வரிவரியாக எழுதி இதே வழியில் சென்றது.

அதற்கு முன்பாக, 2018 மார்ச் 10 அன்று, உலகின் பல நகரங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் கூடிப் பாண்டாஸின் டாக்ஸ்ட்ரிங்குகளை எழுதினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில ஃபங்ஷன்கள் ஒதுக்கப்பட்டன. எழுதும் முறைக்கு விரிவான வழிகாட்டி தயாரிக்கப்பட்டிருந்தது. தாம் எழுதியதை அனுப்புமுன் சோதனை ஸ்கிரிப்ட்டைத் தாமே இயக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்த ஸ்கிரிப்ட் இல்லாமல் இருந்திருந்தால், ஒரே நாளில் வந்து குவிந்த புல் ரெக்வெஸ்ட்டுகளின் (தம் மாற்றத்தை ஏற்கும்படி பங்களிப்பாளர் அனுப்பும் கோரிக்கைகளின்) இடைவெளிகளையும் முற்றுப்புள்ளிகளையும் பராமரிப்பாளர்களே திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இயந்திரம் சொன்னால் யாருக்கும் மனம் புண்படாது என்பதும் சிறிய விஷயமில்லை. முதல் பங்களிப்பைத் தயக்கத்தோடு அனுப்பும் ஒருவருக்கு, முன்பின் அறியாத ஒருவர் பதினைந்து இடங்களில் சிவப்பு மையால் திருத்தி அனுப்புவது ஊக்கம் தராது.

பதிப்பு வரலாற்றையும் ஆவணம் சீராகச் சொல்லவேண்டும். ஒரு பாராமீட்டர் எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் அதன் நடத்தை மாறியது, எதிலிருந்து அது கைவிடப்படவுள்ளது என்பவற்றுக்கு ஸ்ஃபிங்க்ஸில் தனித்தனிக் குறிகள் உண்டு. நிறுவனக் கணினியில் மூன்றாண்டு பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு இவையே வழிகாட்டி. இதில் பொதுவாக நேரும் பிசகு, புல் ரெக்வெஸ்ட் அனுப்பியபோது எழுதிய பதிப்பு எண், அது ஏற்கப்படுவதற்குள் பழையதாகிவிடுவது. மறுஆய்வின் இறுதியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

இயந்திரத்தால் முடியாதது எது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். ஆக்சிஸ் என்ற பாராமீட்டருக்கு எதிரே "பயன்படுத்தவேண்டிய ஆக்சிஸ்" என்று எழுதியிருந்தால் எல்லாச் சோதனைகளும் பச்சைக்கொடி காட்டும். பெயர் இருக்கிறது, வகை இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, முற்றுப்புள்ளியும் இருக்கிறது. படித்தவருக்குக் கிடைத்தது மட்டும் எதுவுமில்லை. சோதனையில் தேறுவதற்காகவே எழுதப்படும் இத்தகைய வெற்று வரிகள், விளக்கமே இல்லாத நிலையைவிட மோசமானவை. காலியாக இருந்தால் யாராவது ஒருநாள் நிரப்புவார்கள். நிரம்பியதுபோல் தோன்றுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடர்புடைய ஃபங்ஷன்களைச் சுட்டும் பகுதியும் இப்படித்தான். நான்கு பெயர்களை அடுக்கிவைத்தால் சோதனை ஏற்றுக்கொள்ளும். இந்த ஃபங்ஷனுக்குப் பதிலாக அதை எப்போது பயன்படுத்துவது என்று ஒவ்வொரு பெயருக்கும் அரை வரி எழுதினால்தான் படிப்பவருக்குப் பயன். எனவே முற்றுப்புள்ளி, வரிசை, இடைவெளி, பாராமீட்டர் பெயர் ஆகிய அனைத்தையும் கருவியிடம் விட்டுவிட்டு, மறுஆய்வு செய்பவர் ஒரே ஒரு கேள்வியோடு டாக்ஸ்ட்ரிங்கைப் படிப்பது நல்லது: இந்த ஃபங்ஷனை இதுவரை பார்த்திராத ஒருவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு சரியாக அழைத்துவிடுவாரா?

சொந்தமாக ஒரு நூலகம் வைத்திருப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்? இருக்கும் நெறிமுறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. நம்பைடாக், கூகுள் பாணி, ஸ்ஃபிங்க்ஸின் சொந்தப் பாணி ஆகிய மூன்றில் எதை எடுத்தாலும் கருவிகள் தயாராக இருக்கின்றன, புதிதாக ஒன்றை உருவாக்கினால் அதற்கான கருவிகளையும் நீங்களே உருவாக்கவேண்டிவரும். பிறகு ஒரேயொரு ஃபங்ஷனுக்கு முழுமையான டாக்ஸ்ட்ரிங்கை எழுதி, அதைப் பங்களிப்பாளர் கையேட்டில் மாதிரியாக வைக்கவேண்டும். பத்துப் பக்க விதிகளைப் படிக்காதவர்கள்கூட ஒரு மாதிரியைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அதன்பின் பாராமீட்டர் ஒப்பீட்டுச் சோதனை, டாக்டெஸ்ட், ஸ்ஃபிங்க்ஸின் எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கும் அமைப்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் கட்டாயமாக்கலாம். பழைய குறைகள் விலக்குப் பட்டியலில் காத்திருக்கட்டும். நூலகத்தின் பயனராக மட்டும் இருப்பவருக்கும் இதில் இடம் உண்டு. தாம் அன்றாடம் பயன்படுத்தும் ஃபங்ஷன் ஒன்றின் ஆவணத்தில், தமக்குத் தேவைப்பட்டும் கிடைக்காத அந்த ஒரு வரி எது என்பது பராமரிப்பாளரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். அந்த வரியையும் அதை மெய்ப்பிக்கும் மூன்று வரி எடுத்துக்காட்டையும் எழுதி அனுப்பினால், அது சரியா என்று பார்க்கும் வேலையைச் சோதனையே முதலில் செய்துவிடும்.